ஆமை முதுகில் வெள்ளிப் பொடி

அல்லிக் குளத்து ஆமையின் ஓட்டில் ஒரு விரிசல். அதற்குள் கிருமிகள் குடியேறி, வழவழவென்று பிசினால் கூரை போட்டுக்கொண்டன. விரிசல் நாளுக்கு நாள் உள்ளே இறங்கியது. சதையைத் தொட்டுவிட்டால் உயிர் போய்விடும். அந்தக் கவலையில் ஆமைக்கு ஒரு வாய்ப் பாசிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"நண்டுத் தம்பி, இன்னொரு தடவை சுரண்டேன்!"

"எத்தனை தடவை சுரண்டுறது, அக்கா? காலையில வழிச்சா சாயங்காலம் மறுபடி பூசி வைக்குதுங்க!"

கூரைக்குள்ளிருந்து கிருமிகள் கெக்கலித்தன. "உன் கொடுக்குதான் தேயும்! எங்க பிசின் தீராது!"

ஒருநாள் ஆமைக்குச் சேற்றில் வெள்ளி மெட்டி ஒன்று கிடைத்தது. குளிக்க வந்த யாரோ தவறவிட்டது. வெள்ளி பட்டால் கிருமி சாகும் என்று ஆமை எப்போதோ கேள்விப்பட்டிருந்தது. நண்டு அதைத் தூக்கி விரிசல்மேல் வைத்தது.

கிருமிகளுக்கு ஒரே கொண்டாட்டம். "அடேயப்பா, நம்ம வீட்டுக்கு வெள்ளிக் கலசம்! எங்கே, வாசல் வழியா உள்ளே வரச் சொல்லு பார்ப்போம்!" என்று சிரித்து, மெட்டி விழுந்துவிடாதபடி பிசினால் ஒட்டியும் வைத்தன.

"போச்சு, இதுவும் வீண்!" என்று புலம்பிக்கொண்டே ஆமை வழக்கம்போலப் பாறை இடுக்கில் உடம்பை நெருக்கிப் படுத்தது. படுத்தும் இருப்புக்கொள்ளவில்லை. இப்படியும் அப்படியும் அசைந்தது. மெட்டி பாறையில் கரகரவென்று உரசியது.

திடீரென்று முதுகில் அலறல்! "ஐயோ, எரியுதே! யாருடா இதை உள்ளே விட்டது?"

ஆமை அசைவதை நிறுத்தியது. அலறல் அடங்கியது. மறுபடி உரசியது. மறுபடி அலறல்!

"தம்பி, ஓடி வா! உரசினா கத்துதுங்க!"

நண்டு கிட்டே போய் உற்றுப் பார்த்தது. சேற்றுத் துகளைவிட நுண்ணிய வெள்ளிப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. இரை வருவதற்காகக் கிருமிகள் கூரையில் விட்டிருந்த சந்துகள் வழியே அது உள்ளே இறங்கியது.

"அக்கா, மெட்டி நுழையாத சந்துல பொடி நுழையுது! உரசு, நல்லா உரசு!"

கிருமிகள் தவித்தன. சந்தை அடைத்தால் இரை வராது. திறந்தால் பொடி வரும். கடைசியில் கூரை நைந்து, மெட்டியோடு பழைய தோல்போல உரிந்து விழுந்தது. உள்ளே இருந்த கிருமிகள் மடிந்தன; சில நாளில் புண்ணும் ஆறியது.

ஆமைக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கூடவே பழைய பயமும் வந்தது. "எதுக்கும் இந்தப் பொடியைக் குளம் பூரா தூவிடலாமா, தம்பி? ஒண்ணுகூடத் தப்பக் கூடாது!"

"ஆளை விடு, அக்கா! அழுகினதைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிறதும் கிருமிதான். அதுங்களும் செத்தா நாம சாக்கடையிலதான் கிடக்கணும். புண்ணு ஆறிடுச்சு, போதும்!"

ஆமை யோசித்தது. மனசே இல்லாமல் மெட்டியை ஆழத்தில் உருட்டிவிட்டது. பிறகு வயிறு நிறையப் பாசி தின்றுவிட்டுக் கரையேறி, முதுகை வெயிலுக்குக் காட்டியபடி நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

பெரியது நுழைய முடியாத பகைவன் வீட்டில் சிறியது நுழைந்து வெல்லும். அந்த வெற்றியும் அளவோடு நிறுத்தத் தெரிந்தவருக்கே நிலைக்கும்.