கரண்டு மாப்பிள்ளையின் தலை தீபாவளி

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மாப்பிள்ளை இருந்தாராம். பேரு திருமேனி. அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்துல கிடையாதாம். யார் சொன்னா? அவரேதான் சொன்னார்!

ம் கொட்டு குட்டி. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

அவர் வீட்டுல ஒரு தடவை டியூப் லைட் எரியலை. திருமேனி ஸ்டார்ட்டரைப் புடிச்சு ஒரு திருகு திருகினார். பளிச்! எரிஞ்சிருச்சு. அவ்வளவுதான். அன்னையிலேருந்து நெஞ்சை ஒரு சாண் முன்னாடி நீட்டிக்கிட்டு, "கரண்டா? அது நம்ம பேச்சைக் கேக்கும்"னு திரிய ஆரம்பிச்சுட்டார்.

அப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு பேரு பவளக்கொடி. தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் பொண்ணோட வீட்டுக்கு வந்து இறங்கினாங்க. அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எது சொன்னாலும் 'வேண்டாம்'னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. மாமனார் சடையப்பனுக்குத் தெரிஞ்சது ஒரே பதில், பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி: "ஆகட்டும் மாப்பிள்ளை!" மாமியார் செண்பகத்துக்கும் அதே பதில்தான், கீச்சுக் குரல்ல: "ஆகட்டும் மாப்பிள்ளை!"

திருமேனிக்கு உச்சி குளிர்ந்து போச்சு. சொந்த வீட்டுல நாய்கூட அவர் பேச்சைக் கேக்காது. இங்க பாரு, ராஜ மரியாதை! 'கெட்டிக்கார மாப்பிள்ளை'ன்னு இவங்க வாயால பேர் வாங்காம ஊர் திரும்புறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார்.

அப்போ பாரு, சாயங்காலம். கிரைண்டர் கடகடன்னு ஓடுது, மிக்ஸி கிர்ர்ங்குது, வாசல்ல சீரியல் லைட் மினுக்குது. படார்! வீடே இருட்டு. ஃபியூஸ் போயிருச்சு.

"ஒயர்மேனைக் கூட்டிட்டு வந்துடுறேன்"னு சடையப்பன் துண்டை உதறினார்.

"நான் இருக்கும்போது ஒயர்மேனா மாமா?"

ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தார். உள்ள தலைமுடி மாதிரி ஒரு கம்பி, உருகி அறுந்து கிடக்கு. "சீ, இவ்வளவு மெல்லிசா போட்டா அறுந்துதான் போகும்!" துணி காயப்போடுற கொடிக்கம்பியில ஒரு துண்டை வெட்டி, முறுக்கிச் செருகிட்டார். பளிச்!

"இனிமே ஆயுசுக்கும் ஃபியூஸ் போகாது மாமா!"

"ஆகட்டும் மாப்பிள்ளை!"

யார் ஆயுசுக்குன்னு அவரும் சொல்லலை, இவரும் கேக்கலை. அந்த மெல்லிசுக் கம்பி ஒரு காவக்காரன், குட்டி. கரண்டு எல்லை மீறினா, தான் உருகிச் செத்து வீட்டைக் காப்பாத்துறவன். மாப்பிள்ளை அவனை வேலையை விட்டே தூக்கிட்டார்.

"ம்..."

அப்புறம் விடியக்காலை. எண்ணெய்க் குளியல். பவளக்கொடி அடுப்பு மூட்டப் போனா. "அடுப்பா? எந்தக் காலத்துல இருக்கீங்க?"ன்னு திருமேனி பரண்ல ஏறி, தூசியும் தும்மலுமா, வாளியில போட்டுத் தண்ணி காய்ச்சுற ஒரு பழைய ஹீட்டர் காயிலை இறக்கினார். அதோட பிளக்குக்கு மூணு கால். கொல்லைப்புறத்து போர்டுலயோ ரெண்டே ஓட்டை. நறுக்! பிளக்கையே வெட்டி எறிஞ்சார். உள்ள மூணு ஒயர். பச்சை ஒயரை "வெட்டிப்பய"ன்னு மடக்கி விட்டுட்டு, மத்த ரெண்டையும் ஓட்டையில விட்டுத் தீக்குச்சியால இறுக்கினார்.

பச்சைதான் ரெண்டாவது காவக்காரன். காயில்ல கசியுற கரண்டைப் பிடிச்சு மண்ணுக்குள்ள அனுப்புறவன். அவனுக்கும் சீட்டுக் கிழிஞ்சுது.

"ஏங்க, அந்தக் காயில் அம்மாவைச் சுர்ருன்னு இழுத்துச்சு. அதனாலதான் பரண்ல போட்டோம்..."

செண்பகம் மகளைக் கிள்ளினா. "ஷ்ஷ்! தலை தீபாவளிடி!"

"அது கரண்டு இல்ல அத்தை, உங்க பயம்!"

"ஆகட்டும் மாப்பிள்ளை!"

அப்போ எவர்சில்வர் வாளியில காயில் முங்கிக் கிடக்கு, தண்ணி புஸ்ஸுன்னு சூடேறுது. மாப்பிள்ளை இடுப்புல துண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய், வெறுங்கால் ஈரத்தரையில. சூடு பதமான்னு பார்க்கணுமே! சுவிட்சை அணைக்காமலேயே விரலை விட்டார்.

டர்ர்ர்ர்ர்ர்!

கையை எடுக்கணும்னு நினைக்கிறார், கை கேக்க மாட்டேங்குது. கத்தணும்னு நினைக்கிறார், ஊரெல்லாம் பேசின வாயிலேருந்து "ஆ... ஆ... ஆ..."தான் வருது. கரண்டு நம்ம பேச்சைக் கேக்கும்னாரே, இப்போ அவர் உடம்பே அவர் பேச்சைக் கேக்கலை.

சடையப்பன் எட்டிப் பார்த்தார். "அடடா, மாப்பிள்ளைக்கு என்ன குஷி! ஆட்டத்தைப் பாரு!"

செண்பகம் பதறிப்போய் மாப்பிள்ளையைப் பிடிக்க ஓடினா.

"தொடாதே! தொட்டா நீயும் போயிடுவே!" அந்த வீட்டுல முதல்முதலா 'கூடாது'ன்னு ஒரு சத்தம். பவளக்கொடி! "அப்பா, மெயினை அணைங்க!"

சடையப்பன் கேட்டார் பாரு ஒரு கேள்வி: "மாப்பிள்ளையைக் கேக்காமலா?"

பவளக்கொடி அப்பாவை இடிச்சுத் தள்ளிட்டுப் பறந்தா. மெயின் சுவிட்ச். டக்!

தொப்! மாப்பிள்ளை தரையில. விரலெல்லாம் வெந்து, முகம் வெளுத்து, மூச்சு மட்டும் வருது. அப்படியே ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. தலை தீபாவளிக்கு அவருக்குக் கிடைச்சது பட்டு வேட்டி இல்ல, பச்சைப் போர்வை.

"ம்... செத்துட்டாரா?"

இல்லடா. டாக்டர் பார்த்துட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பொழச்சிருக்க மாட்டார்"னு சொன்னார். சடையப்பன் வாய் தானா திறந்துச்சு: "ஆகட்..." செண்பகம் அவர் வாயைப் பொத்தினா.

சாயங்காலம் கண்ணு முழிச்ச திருமேனிக்கு வேர்த்துக் கொட்டுது. தலைக்குப் பக்கத்துலயே ஃபேன் சுவிட்ச். கட்டுப் போடாத கையை மெதுவா நீட்டினார். பாதியில நிறுத்தினார். பொண்டாட்டி பக்கம் திரும்பி, பூனைக்குட்டிக் குரல்ல கேட்டார்: "பவளம்... இதை நான் போடலாமா?"

"ஈரக் கையா, காஞ்ச கையா?"

உள்ளங்கையைப் பார்த்தார். வேர்வை. போர்வைக்குள்ள கையை இழுத்துக்கிட்டார்.

"ஈரக் கை."

"அப்போ வேண்டாம்"னா பவளக்கொடி.

"ஆகட்டும் பவளம்"னார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அடங்கியாச்சு, கதைக்கு மெயினை அணைச்சாச்சு. நீயும் கண்ணை அணை. டக்!