ஒயரைக் கழற்றிவிட்டு வாசித்தவர்

"மிஸ், என் கிடாருக்கு உயிர் போயிடுச்சு," என்றார் வேதகிரி.

ஐரிஸ் தலை நிமிரவில்லை. ஈயம் பற்றவைக்கும் இரும்பின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தாள். உஸ் என்று ஒரு சத்தம்.

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். நாலு ஆம்ப் மாத்திட்டேன். எதுல சொருகினாலும் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுற மாதிரி இருக்கு."

"வாளியும் ஒரு வாத்தியம்தான்."

பொன்மலை ரயில்வே காலனியின் கடைசி வரிசையில் அவள் வீடு. அந்தக் காலத்து முறையில் வால்வு வைத்து, கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர்களைக் கையாலேயே செய்பவள். முன்பு பள்ளியில் பௌதிகம் நடத்தினாள். அதனால் எல்லாருக்கும் மிஸ். அக்காக்கள் மூவரும் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வேதகிரிக்கு அவளைவிட இருபது வயது அதிகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். மனைவி சௌந்தரம் இறந்து மூன்று வருடம்.

"தஞ்சாவூர்ல ஒருத்தர் கிடாரைக் கேக்குறாரு. குடுத்துடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பாத்துடுறேன். உங்க பெட்டியில அது பேசுச்சுன்னா வச்சுக்குறேன். இல்லைன்னா அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை அவரு வரும்போது குடுத்துடுவேன்."

ஐரிஸ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பழுப்புத் துணி போர்த்திய சின்னப் பெட்டி. பின்பக்கம் பல்பு போல நான்கு கண்ணாடி வால்வுகள். முன்பக்கம் இரண்டு குமிழ்கள்.

வேதகிரி குனிந்து பார்த்தார்.

"குமிழைச் சுத்தி நம்பரே போடலையே, மிஸ்."

"ம்."

"எங்க வைக்கிறதுன்னு எப்படித் தெரியும்?"

"குழம்புக்கு உப்புப் போடுறீங்க. கரண்டியில நம்பர் இருக்கா?"

"நான் மெஸ்ல சாப்பிடுறேன்."

அவர் கொண்டுவந்திருந்த கிடாரை அவள் பெட்டியில் சொருகினாள்.

பிறகு சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஓடலையே."

"சூடாகணும்."

வால்வுகளுக்குள் மெல்ல ஒரு செம்மை ஏறியது. ஊதுவத்தி முனை அளவுதான். வேதகிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒரு சுரம் வாசிங்க."

அவர் விரல்கள் மேலும் கீழுமாக ஓடின. ஐரிஸ் சுவிட்சை அணைத்தாள்.

"ஒண்ணு கேட்டேன்."

மறுபடி சூடாகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். இந்த முறை அவர் ஒரே ஒரு தந்தியை மீட்டினார். அது முழுதாக அடங்கும்வரை அவள் எதுவும் கேட்கவில்லை.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தூரமா இருக்கு. அடுத்த தெருவுல யாரோ வாசிக்கிற மாதிரி."

ஐரிஸ் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

"இப்ப."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நாய் குரைத்தது. சுரத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பு, அழுது முடித்தவன் பேசத் தொடங்குவது போல. வேதகிரி சுட்டுக்கொண்டவராகக் கையை எடுத்தார்.

"இது சின்னப் பெட்டி. கொஞ்சமாத் திறந்தா வாய்க்குள்ளயே முணுமுணுக்கும். முழுசாத் திறந்தாத்தான் குரல் வரும்."

"சத்தம் வெளியில கேக்குமே."

"கேக்கும்."

அவர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தார்.

"இன்னும் தூரமாத்தான் இருக்கு, மிஸ்."

"எவ்வளவு திறந்தீங்க?"

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். நடுவில் ஓர் அரிசி நுழையும்.

"முழுசாத் திறக்கச் சொன்னேன்."

"மாடி வீடு. கீழ ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும்."

வேதகிரி முக்காலியில் உட்கார்ந்தார்.

"சௌந்தரம் போன முப்பதாம் நாள், கை சும்மா இருக்க மாட்டாம எடுத்து வாசிச்சேன். பத்து நிமிஷம் இருக்கும். என் தங்கச்சி வாசல்ல வந்து நின்னா. 'உனக்கு எப்படிண்ணே மனசு வருது'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன?"

"நீங்க வாசிக்கும்போது யாரு கேட்டுக்கிட்டிருந்தா?"

"யாரும் இல்ல. சௌந்தரம் இருப்பா. பாத்திரம் கழுவுவா, கீரை ஆய்வா. ஒருநாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. வேண்டாம்னும் சொன்னதில்ல."

ஐரிஸ் ஒரு வால்வைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முழுசாத் திறங்க," என்றாள்.

அடுத்த பத்து நாள் அவர் வரவில்லை.

பதினோராம் நாள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் வாசலைத் தாண்டும் முன்பே கருகிய வாடை அறைக்குள் வந்துவிட்டது.

"பத்து நாள் சொர்க்கம், மிஸ். நேத்துப் புகை."

"என்ன பண்ணுனீங்க?"

"நீங்க சொன்னபடிதான். முழுசாத் திறந்தேன்."

"கீழ்வீட்டுல?"

"ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல அவங்களுக்கு." வேதகிரியின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "ஸ்பீக்கருக்குப் போற ஒயரைக் கழட்டிட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் எக்ஸ்சேஞ்சுல ஒயர் புடுங்குன கை, மிஸ்."

ஐரிஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"கழட்டிட்டு?"

"பெட்டியை ஸ்டூல் மேல வச்சேன். பக்கத்துல உக்காந்து காதை அது மேல சாச்சுக்கிட்டேன். உள்ளேருந்து வந்துச்சு மிஸ்! கொசு பாடுற மாதிரி, அவ்வளவு மெல்லிசா. ஆனா நான் வாசிச்ச ஒவ்வொரு சுரமும் அதுல இருந்துச்சு. எனக்கு மட்டும். தினம் ரெண்டு மணி நேரம் காதை எடுக்கல. எத்தனை நல்லாப் பாடுச்சு தெரியுமா?"

"அது பாடலண்ணே."

"பின்னே?"

"எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அவள் பெட்டியைத் திறந்தாள். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள். செம்புக் கம்பியின் மேல் பூச்சு உருகிக் கறுத்துக் கட்டியாகியிருந்தது. எரிந்த எலும்பைப் போல லேசாக இருக்கும் என்று நினைத்தார். கனத்தது.

"வால்வு குடுக்குறதை இது வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பணும். அந்தப் பக்கம் ஸ்பீக்கர் இல்லைன்னா?"

"அனுப்புறது நின்னுடும்."

"நிக்காது. போக வழியில்லாம இதுக்குள்ளயே சுடும்."

வேதகிரி கையில் இருந்ததைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மிஸ்."

"ஸ்பீக்கரைக் கழட்டிட்டு வாசிக்க ஒருத்தர் வருவாருன்னு எனக்குத் தோணல."

"சரியாக்க முடியுமா?"

"புதுசாக் கம்பி சுத்தணும். எட்டு நாள் ஆகும்."

எட்டு நாளும் அவர் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கம்பி சுற்றினாள். ஒரு சுற்றின் மேல் காகிதம், காகிதத்தின் மேல் மறு சுற்று. அவ்வப்போது பணிமனைச் சங்கு ஊதியது. அவள் இரண்டு கோப்பையில் டீ போட்டாள். முதல் நாள் இரண்டாவது கோப்பையின் அடியில் தூசி இருந்தது. அதைத் தண்ணீரில் அலசினாள்.

நான்காம் நாள் அவர் கேட்டார்.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா, மிஸ்?"

"தெரியாது."

"பின்னே, நீங்க செஞ்ச பெட்டி சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வர மாட்டாங்க."

"நான் வர்றேனே."

"ம்."

அவள் அடுத்த சுற்றைத் தொடங்கினாள்.

எட்டாம் நாள் சனிக்கிழமை. பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

வேதகிரி பின்பக்கம் பார்த்தார். ஸ்பீக்கர் ஒயரின் முனையை உலோகத்தோடு உலோகமாகப் பற்றவைத்திருந்தாள். இனி அதைக் கழற்ற முடியாது. வெட்டத்தான் முடியும்.

முன்பக்கம் பார்த்தார். இரண்டு குமிழ்களில் ஒன்றைக் காணவில்லை.

"சத்தக் குமிழ் எங்க?"

"எடுத்துட்டேன். முழுசாத் திறந்து வச்சுட்டேன்."

"குறைக்கணும்னா?"

"கிடார்ல ஒரு குமிழ் இருக்கு."

"அதுவும் போதலைன்னா?"

"விரல் இருக்கு. மெதுவாத் தொடுங்க."

அவர் பெட்டியைத் தூக்கினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு மொத ஞாயிறு. தஞ்சாவூர்க்காரர் வர்றாரு."

"தெரியும்," என்றாள் ஐரிஸ்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினார். பெட்டியைத் தரையில் வைத்தார். வால்வுகள் சிவந்தன. கிடாரின் குமிழைக் கால்வாசி திருகி ஒரு தந்தியைத் தொட்டார்.

அறை நிறைந்தது.

கையை எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. மெதுவாகத் தொட்டால் தெளிந்து ஒலித்தது. அழுத்தித் தொட்டால் குரல் கரகரத்தது. அவர் சொல்வதற்குச் சற்று முன்பே அது புரிந்துகொண்டது போலிருந்தது. கிடாரின் குமிழை முழுவதுமாகத் திருகிவிட்டு, நாற்பது வருடங்களுக்கு முன் கல்யாண மேடைகளில் வாசித்த ஒரு மெட்டைத் தொடங்கினார்.

பாதி வரும்போது அழைப்புமணி அடித்தது.

கீழ்வீட்டு மைமூன் பீவி. எழுபது கடந்தவர். மகன் ஷார்ஜாவில். படியேறிய மூச்சிரைப்பு அடங்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"இது என்ன தம்பி, குடியிருக்குற வீடா, கல்யாண மண்டபமா?"

"மன்னிச்சுக்கங்கம்மா."

"மூணு வருஷமா மேல ஆள் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. தண்ணித்தொட்டி நிரம்பி வழிஞ்சாத்தான், சரி, மனுசன் இருக்காருன்னு நினைச்சுக்குவேன். இன்னைக்கு என் ஜன்னக் கம்பி ஆடுது."

"இனிமே வாசிக்க மாட்டேம்மா."

"நான் அதையா சொன்னேன்? மஃரிப் நேரத்துல வாசிச்சா நான் எப்படித் தொழுவுறது? ஏழு மணிக்குத் தொடங்கு. எட்டுக்கு நிறுத்திடணும். எட்டுக்கு மாத்திரை போட்டுட்டுப் படுத்துடுவேன். எட்டு மணி ஒரு நிமிஷம் ஆச்சு, அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டு வாசல்ல போய் நிப்பேன். ஆமா."

"சரிம்மா."

மைமூன் பீவி நான்கு படி இறங்கி நின்றார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அதைப் பாதியில விட்டுட்டியே. பாதிச் சோத்துல எழுந்த மாதிரி இருக்கு. நாளைக்கு மீதியை வாசிச்சு முடிச்சுடு."

முழங்காலைத் திட்டிக்கொண்டே மீதிப் படிகளை இறங்கினார். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வேதகிரி உடனே ஐரிஸுக்குப் போன் செய்தார்.

"கீழ்வீட்டம்மா மேல வந்து திட்டிட்டுப் போறாங்க, மிஸ்."

"என்ன சொன்னாங்க?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தண்ணித்தொட்டியையும் சொன்னார். மாத்திரையையும் சொன்னார். சொல்லும்போது நடுவில் சிரிப்பு வந்தது. ஐரிஸ் அந்தப் பக்கம் காத்திருந்தாள்.

"சரி," என்றாள்.

"நாளைக்கு அவரு கிடாரை எடுக்க வந்துடுவாரு. குடுக்குறதா வேண்டாமான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மிஸ்."

"எத்தனை மணிக்கு வர்றாரு?"

"சாயங்காலம் ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கு உங்களுக்கு நேரம் ஏதுண்ணே?" என்றாள் ஐரிஸ்.