நாலு தடவை படித்த நாவல்

வடபழனியில் பரஞ்சோதி என்றொரு பெரிய டைரக்டர். அவருடைய ஐந்தாவது அசிஸ்டென்ட் குழலி. எல்லாரும் மறந்துபோன ஒரு பழைய நாவலை நூலகத்தில் தேடிப் பிடித்து, திரைக்கதையாக எழுதியவள் அவள்தான்.

அதைப் படித்த தயாரிப்பாளர் ஆபீசுக்கே ஓடி வந்தார். "கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன்யா!"

"சார், டைட்டில்ல என் பேரும்..." என்றாள் குழலி.

பரஞ்சோதி சிரித்தார். "எழுதினவர் போய் எழுபது வருஷமாச்சு. கதை இப்போ பொதுச் சொத்து. நானே நாலு தடவை படிச்சிருக்கேன். அதைப் பார்த்துக் காப்பியடிச்சதுக்கு உனக்குப் பேரா? உன் சொந்தச் சரக்குன்னு ஒரு வரி காட்டு, போடறேன்."

குழலி புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள். "புரொட்யூசர் சாரை அழவச்ச கிளைமாக்ஸை இதிலேர்ந்தே வாசிச்சுக் காட்டுங்க சார்."

பரஞ்சோதி கெத்தாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கதாநாயகி படகில் ஏறுகிறாள். அதற்கப்புறம் வெறும் அட்டை. மிச்சப் பக்கங்களைக் கரையான் எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

"வேற பிரதி எங்கயும் கிடைக்கல சார். முடிவை நானே எழுதிட்டேன்."

பரஞ்சோதி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் பேனாவைத் திறந்தார்.

"இனிஷியல் என்னம்மா?"