முத்துப்பேச்சியின் எச்சில்

ஞானக் கதைகளில் குரு இருப்பார், சீடர் இருப்பார். நோயாளி இருக்கமாட்டாள், இருந்தாலும் பெயரின்றி இருப்பாள். இந்தக் கதையின் நோயாளி முத்துப்பேச்சி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவளுடைய சிறுநீரகங்கள் மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டிருந்தன.

உப்பளக் கரையில் ஓர் ஓலைக் கொட்டகை. காலையில் அங்கே வெளிச்சம் வானிலிருந்து இறங்குவதில்லை, தரையிலிருந்து எழும். உப்புக் குவியல்கள் பனியில் மிதந்துகொண்டிருக்கும்.

குரு மருத்துவர் லூர்தம்மாள். ஊசியின்றி, இரத்தமின்றி, எச்சிலைக் கொண்டே நோயின் போக்கைக் கவனித்துவந்தார். எச்சிலில் நனைத்த காகிதப்பட்டை, சிறுநீரகம் கழிக்காத யூரியா மிகுந்தால் மஞ்சளிலிருந்து பச்சையாகும். பச்சை கறுத்தால் உடனே பெரிய மருத்துவமனை.

சீடர் தில்லைநாயகம், ஓய்வுபெற்ற மருத்துவர், குருவைவிட மூத்தவர். எச்சில் என்றாலே முகம் சுளிப்பவர். ஆனாலும் கற்க வந்திருந்தார், அதற்காக மன்னிக்கலாம்.

அன்று முத்துப்பேச்சி வெளியே சென்று கிண்ணத்தை நிரப்பி வந்தாள். தில்லைநாயகம் கையுறையோடு, சற்றுத் தள்ளிப் பிடித்தே, பட்டையை நனைத்தார். மஞ்சள் மாறவில்லை. நோய் ஏறவில்லை, வேலைக்குப் போகலாம் என்றார்.

அவள் எழுந்தாள். சில நாளாகக் கஞ்சி குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னாள்.

லூர்தம்மாள் நிமிர்ந்தார். அது யூரியா ஏறிய வாயின் ருசி.

"அக்கா, கிண்ணத்துல என்ன குடுத்தீங்க?"

"கொப்பளிச்ச தண்ணிதான், டாக்டரம்மா. படிச்ச ஐயா கையில நாத்த எச்சிலையா குடுக்க முடியும்?"

அவளை உட்காரவைத்தார் லூர்தம்மாள். கொப்பளித்த ஈரம் போகப் பனி விலகும்வரை காத்திருந்தார். பிறகு புதிய கிண்ணத்தை நீட்டினார். முத்துப்பேச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

லூர்தம்மாள் வேறொரு கிண்ணத்தை எடுத்து, அவள் எதிரிலேயே துப்பினார். இன்னொன்றைச் சீடரிடம் கொடுத்தார்.

"துப்புங்க, சார்."

தில்லைநாயகம் கையுறையைக் கழற்றினார். முகத்தைத் திருப்பினார். துப்பினார்.

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். "ஐயாவுக்கும் நுரைதான் வருது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்தை வாங்கித் துப்பினாள்.

பட்டை மெதுவாக நிறம் மாறியது. முதலில் தளிர்ப் பச்சை. பிறகு குளத்துப் பாசி. பிறகும் நிற்கவில்லை.

அவளை அனுப்ப வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார் லூர்தம்மாள். தில்லைநாயகம் இரண்டு பட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே வாய், ஒரே காலை. முதலில் தர மறுத்த எச்சிலைப் பிறகு எப்படித் தந்தாள் என்று கேட்டார்.

"அப்ப நீங்க இன்னும் துப்பல, சார்."



பெரிய மருத்துவமனையில் இரத்தமும் அதையே சொன்னது. முத்துப்பேச்சியின் சிறுநீரகங்கள் மீளவில்லை. வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போய்வருகிறாள். உப்பு வாருவதில்லை. உயிரோடு இருக்கிறாள்.