ஆயில் மேலே ஏறும் வரை

சிங்காநல்லூரில், பழைய கார் இஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கட்டித் தருகிற பட்டறை ஒன்று உண்டு. நடத்துகிறவர் கருணாம்பிகை. தொழில் தெரிந்த எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அவரிடம் வேலை கற்றவர்களில் சிகாமணி கொஞ்சம் தினுசான சீடர். மில் மூடியபின் வந்து சேர்ந்த ஃபிட்டர், மேஸ்திரியைவிட ஆறு வயது மூத்தவர். மேஸ்திரி அவரை அண்ணா என்பார். அவர் மேஸ்திரியை மேஸ்திரி என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

அந்தச் சிகாமணி தை மாதத்தில் தனியாகப் பட்டறை போட்டார். பழங்காலக் கார்களுக்கு மட்டும் இஞ்சின் கட்டும் சின்னப் பட்டறை. திறப்பு விழா முடிந்த மறுவாரம், மேஸ்திரியின் பட்டறை வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். யாரும் செருப்பைக் கழற்றாத இடம் அது.

"போட்டுட்டே வாங்கண்ணா. கீழெல்லாம் இரும்புத் தூள்" என்றார் மேஸ்திரி.

சிகாமணி வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"ஒண்ணு கேக்கோணுங்க மேஸ்திரி."

"கேளுங்க."

"அந்த பிளாக்க ஒட்ட முடியுங்களா?"

எந்த பிளாக் என்று மேஸ்திரி கேட்கவில்லை. திறப்பு விழாவுக்கு அவரும் போயிருந்தார். கூட்டத்தில் கடைசியாக, பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். பொள்ளாச்சித் தோப்புக்காரர் ராமபத்திரன், தாத்தா காலத்து இங்கிலீஷ் கார் இஞ்சினைச் சிகாமணியை நம்பிக் கொடுத்தார். புதுப் பட்டறையின் முதல் வேலை. சிகாமணி உயிரைக் கொடுத்துக் கட்டினார், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கட்டியதை ஸ்டாண்டில் ஏற்றி, விழாவில் எல்லோர் முன்னாலும் ஸ்டார்ட் செய்து காட்டுவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். ராமபத்திரன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, நல்ல நேரம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, இஞ்சினுக்கு ஆள் உயர மாலை போட்டார்கள். சிகாமணி மைக்கில் நாலு வார்த்தை பேசினார். "ராகு காலம் பொறக்கப் போவுது, அடிங்க மாமா" என்று அவர் மச்சான் அவசரப்படுத்தினான்.

மேஸ்திரியின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கட்டிய இஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்வதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். அடியில் கிடக்கும் ஆயில் உள்ளே ஊறி, உச்சி வரை வந்து நனைத்தபிறகுதான் ஸ்விட்சில் கை வைக்கலாம். சிகாமணி அங்கே இருந்தவரை தோள் நோவ அதைச் சுற்றியிருக்கிறார், முணுமுணுத்துக்கொண்டாவது சுற்றியிருக்கிறார். அன்றைக்குச் சுற்றவில்லை. மைக்கில் பேச இருந்த நேரம் ஹேண்டிலுக்கு இல்லாமல் போய்விட்டது.

ஸ்விட்சை அழுத்தினார். இஞ்சின் உடனே பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டக் கைதட்ட ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். ஆயில் மீட்டரின் முள் மாலைக்குப் பின்னால் படுத்தபடியே கிடந்தது.

அப்புறம் ஒரு சத்தம். ஆயில் ஏறாமல் உள்ளே பேரிங் உருகி, ராடு உடைந்து, இஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ராமபத்திரன் கீழே விழுந்த சில்லைக் கைக்குட்டையில் எடுத்து வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் சிகாமணிக்கு அன்று சோறாவது இறங்கியிருக்கும்.

"ஒட்டலாங்கண்ணா. பார்வைக்கு வெக்கலாம். ஓடாது" என்றார் மேஸ்திரி.

"வேற பிளாக்கு எங்கயாச்சும்?"

"அந்தக் கார் நம்ம பக்கம் வந்ததே அது ஒண்ணுதான்."

சிகாமணி தலையை ஆட்டிக்கொண்டார். அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான்.

மேஸ்திரி எழுந்து போனார். அன்று காலை கட்டி முடித்த இஞ்சின் ஒன்று ஸ்டாண்டில் இருந்தது. மேல்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஹேண்டிலை எடுத்து நீட்டினார்.

"சுத்துங்க."

"இப்பங்களா?"

"ஆமா."

வாசலில் டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. சிகாமணி சுற்ற ஆரம்பித்தார். பஸ்ஸில் ஆட்கள் இறங்கினார்கள். கூடைக்காரி ஒருத்தி ஏற முடியாமல் ஏறினாள். கண்டக்டர் அவளை என்னவோ சொல்ல, அவள் திருப்பி ஒன்று சொன்னாள். சிகாமணி சுற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும், பாருங்க" என்றார் மேஸ்திரி.

மேலே, வால்வுகளைத் தட்டும் ராக்கர்களுக்கு நடுவில் ஆயில் பளபளவென்று ஊறி வழிந்தது. வாசலில் கண்டக்டர் அப்போதுதான் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

"இவ்வளவு நேரந்தானுங்களா?"

"இவ்வளவுதாங்கண்ணா."

"ஒரு பஸ் நிக்கற நேரங்க."

"ஆமா."

சிகாமணிக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வெறுத்த அந்த வேலை இத்தனை சின்னதென்று தெரிந்ததைத் தாங்க முடியவில்லை.

"பட்டறைய மூடிர்றேனுங்க மேஸ்திரி. பழையபடி இங்கயே வந்துர்றேன். இஞ்சின் கட்ற யோக்கியத எனக்கு இல்லீங்க."

மேஸ்திரி இஞ்சினின் மேல்மூடியை எடுத்துப் பொருத்தினார்.

"ராமபத்திரன் வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க?"

"நாளைக்குக் காத்தால கெளம்பலாம். நானும் வாரேன்."

சிகாமணி பதறிப்போனார்.

"நீங்க எதுக்குங்க வரோணும்? தப்புப் பண்ணுனவன் நானு. அவர் ரெண்டு வார்த்த சொன்னாலும் எனக்குத்தான் சொல்லோணும்."

மேஸ்திரி ஹேண்டிலை வாங்கிக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹேண்டில் போடாம நீங்க ஸ்விட்சுகிட்டப் போனத நான் பாத்தேனுங்ணா. சொல்றதுக்கு வாயெடுத்தேன். அந்நேரத்துக்கு மைக்கப் புடிச்சு, யாருகிட்டயும் கைகட்டி நிக்காம நானாக் கத்துக்கிட்ட தொழிலுன்னு சொன்னீங்க. சரி, இதையும் தானாவே கத்துக்கட்டும்னு நின்னுட்டேன்."

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி துணியை மடித்து வைத்தார்.

"நம்ம ரெண்டு பேரு ரோசத்துக்கு அந்த இஞ்சின் என்னங்ணா பண்ணுச்சு?"