சுரைப்பூ அந்திக்குக் காத்திருந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. அவை பேசுவதை நின்று கேட்க மனிதர்களுக்கும் பொழுது இருந்தது. அப்போதெல்லாம் சுரைக்கொடி பூப்பது நல்ல உச்சிவெயிலில். பூவின் நிறம் மஞ்சள். சூரியன் தலைக்கு நேரே வந்து நின்றதும், "பிள்ளைகளா, கண் திறங்கள்" என்பான். கொடியிலுள்ள மொட்டுகள் அத்தனையும் ஒன்றாக விரியும். அவன் நிறத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு அவை நிற்கும்போது பார்ப்பவர்களுக்குக் கண் கூசும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் உடையான், தேனெடுக்கப் போன இடத்தில் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து, கால் முறிந்து படுத்துவிட்டான். குதிரில் கிடந்த கம்பு மாசியோடு தீர்ந்தது. அடுத்த விளைச்சல் வரும்வரை வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம்தான் இருவருக்கும் சோறு. கொஞ்சம் கத்தரி, கொஞ்சம் வெண்டை, ஒரு கீரைப் பாத்தி, ஓரத்தில் பந்தல் போட்டு ஏற்றிய சுரை. கத்தரியும் கீரையும் வாய்க்கு ருசி. வயிறு நிறைய வேண்டுமானால் சுரைதான் காய்க்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் கோடைமழை இறங்கத் தொடங்கியது. காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். உச்சிப்பொழுதில் பாறைகள் கொதிக்கும். பிறகு மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் தலைகாட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வானத்தை முழுக்க விழுங்கிவிடும். இடி மலையை உருட்டுவது போல முழங்கும். மழை கொட்டித் தீர்த்துவிட்டு அந்திக்குள் ஓய்ந்துவிடும்.

முதல் மழைக்கு மாராயி வாசலில் நின்று கும்பிட்டாள். இலைகள் முறம்போல் அகன்றன. கொடி பந்தலைத் தாண்டி வேலியைப் பிடித்தது. ஆனால் பூக்கள் பாவம். விரிந்து, தேனீ வந்து இரண்டு பூவில் உட்காருவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். மகரந்தம் கரைந்து மண்ணில் ஓடும். இதழ் கிழிந்து தொங்கும். பூவுக்கு அடியில் விரல் நீளத்தில் இருந்த பிஞ்சு மறுநாள் வெம்பி, அதற்கடுத்த நாள் அழுகி விழும்.

மாராயி பனையோலையை முடைந்து பந்தலுக்கு மேல் கூரை போட்டாள். "வெயில் முகத்தில் படாமல் எப்படி அம்மா விரிவது?" என்றன மொட்டுகள். கூரையைப் பிரித்தாள். மழை மறுபடி பூவை அடித்தது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டும் மழையில் நடுத்தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "உன்னை நம்பித்தானே விதை போட்டேன்! கொடுக்கிற கையாலேயே பிடுங்கிக்கொண்டு போகிறாயே, இது உனக்கே நியாயமா?"

மழை நின்றது. ஒவ்வொரு துளியும் விழுந்த உயரத்திலேயே அந்தரத்தில் தொங்கியது. அவள் மூக்கு நுனிக்கு முன்னால் ஒரு துளி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மலை, வேலி, அவளுடைய சின்ன வீடு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. மாராயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மகளே," என்றது மழை. அந்தக் குரல் மேலிருந்து வந்ததா, மண்ணுக்குள்ளிருந்து வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "கடலிலிருந்து சுமந்துகொண்டு வருகிறேன். மலை கொதித்தால் என்னைக் கூப்பிடும். கூப்பிட்டால் நிற்க என்னால் ஆகாது. நான் ஒரு நாள் தாமதித்தால் உன் தோட்டத்துக்கு நல்லது, அந்தப் பக்கத்துக் காட்டில் குட்டி போட்ட மானுக்குத் தொண்டை வறண்டுபோகும். எனக்கு எல்லாரும் ஒன்றுதான்."

தொங்கிய துளிகள் அத்தனையும் ஒரே சத்தமாக விழுந்தன. மாராயி நனைந்தபடி வெகுநேரம் நின்றாள். அவ்வளவு பெரிய ஒன்றோடு சண்டை போட்டோம் என்பதே அவளுக்குப் பயமாகவும் இருந்தது, ஏதோ பெருமையாகவும் இருந்தது.

பங்குனி முடியும் தறுவாயில் கொடி சோர்ந்துவிட்டது. பந்தலுக்கு மேலே இனிப் பூக்க ஒன்றுமில்லை. கீழே தரையோடு ஓடிய ஒரே ஒரு கிளையில், பிஞ்சோடு ஒரு மொட்டும், அதன் பக்கத்தில் காம்பு நீண்ட ஆண்மொட்டு ஒன்றும் மிஞ்சியிருந்தன.

"நாளைக்கு விரிந்துவிடும் போலிருக்கிறது," என்று மாராயி வீட்டுக்குள் வந்து சொன்னாள்.

உடையான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நாளைக்கும் மழை வரும் புள்ள. உச்சிவரைக்கும் காத்திருக்காதே. காலையிலேயே விரலை விட்டுப் பிரித்து வை. தேனீ வந்து போகட்டும். இதையும் விட்டால் நமக்கு வேறு வழி இல்லை."

அவன் சொன்னது சரியென்றுதான் அவளுக்கும் பட்டது.

மறுநாள் வெயில் ஏறியதும் மொட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு விரல்களை மொட்டின் நுனியில் வைத்தாள். உள்ளே இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு, தூங்கும் குழந்தையின் உள்ளங்கை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன.

"அம்மா," என்றது மொட்டு. "ஒன்று கேட்கட்டுமா? மழை பெய்து முடிந்த பிறகு இங்கே எப்படி இருக்கும்? எங்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அதற்குள் செத்துப்போகிறோம்."

மாராயி விரலை எடுக்காமலே சொன்னாள். "குளிர்ச்சியாக இருக்கும். காற்று அடங்கியிருக்கும். மண் வாசனை வரும். இலையில் தொங்கும் தண்ணீரில் கடைசி வெளிச்சம் மின்னும். ஆனால் சூரியன் போயிருப்பான். தேனீ கூட்டுக்குப் போயிருக்கும்."

"அப்படியானால் நான் அதுவரைக்கும் இருந்து பார்க்கிறேன். என்னைப் பிரித்துவிடாதே அம்மா," என்றது மொட்டு.

வீட்டுக்குள் உடையான் இருமும் சத்தம் கேட்டது. மாராயியின் விரல்கள் மொட்டின்மேலேயே இருந்தன. கொஞ்சம் அழுத்தினால் போதும். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சூரியன் தலைக்கு நேரே வந்து நின்றான். "பிள்ளைகளா, கண் திறங்கள்."

இரண்டு மொட்டும் அசையவில்லை.

"இப்போது திறக்காவிட்டால் என் நிறம் உங்களுக்குக் கிடைக்காது. பிறகு வந்து கேட்டாலும் கொடுக்க நான் இருக்கமாட்டேன்," என்றான் சூரியன்.

"தெரியும் ஐயா," என்றது மொட்டு.

மேகம் எழும்பியது. அன்றைக்கு வந்தது வெறும் மழையில்லை, ஆலங்கட்டி. முதல் கட்டி கத்தரிச் செடியை ஒடித்தது. மாராயி ஓடிப்போய் அந்தக் கிளைக்கு மேலே முழங்கையையும் முழங்காலையும் மண்ணில் ஊன்றி, முதுகைக் கூரையாக்கிக்கொண்டாள். கட்டிகள் அவள் முதுகில் விழுந்து தெறித்தன. மின்னலில் தோட்டமே வெள்ளை வெளேரென்று தெரிந்து மறைந்தது. அவள் வயிற்றுக்குக் கீழே இரண்டு மொட்டுகளும் வாயை இறுக மூடிக்கொண்டு மூச்சுவிட்டன. உள்ளேயிருந்து உடையான் "மாராயி! மாராயி!" என்று கூப்பிட்டது இடியில் அமுங்கிப்போனது.

மழை ஓய்ந்தது. மாராயி மெதுவாக நிமிர்ந்தாள். முதுகு எரிந்தது. தோட்டம் முழுக்கப் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டான். மிச்சமிருந்த வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

அந்த வேளையில் மொட்டு விரிந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இதழாகச் சுருள் பிரிந்தது. அதில் ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை. அப்படியொரு வெள்ளையை அவள் எந்தப் பூவிலும் கண்டதில்லை. இருட்ட இருட்ட அந்த வெள்ளை கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் ஆண்பூவும் விரிந்தது.

வேலிப்பக்கமிருந்து ஒரு சாம்பல்நிற விட்டில் பறந்து வந்தது. பகல்பூக்களில் இடம் கிடைக்காமல், இருட்டில் பசியோடு சுற்றும் பூச்சி அது. ஆண்பூவின் முன் அந்தரத்தில் நின்று, நீண்ட நாக்கை உள்ளே விட்டுக் குடித்தது. அப்படியே பெண்பூவுக்கு வந்தது. அதன் மீசையெல்லாம் மகரந்தம்.

"இதுதானா அம்மா மழைக்குப் பிறகு இருப்பது?" என்றது பூ. "இவ்வளவு அழகாக இருக்குமென்று நீ சொல்லவில்லையே."

உடையான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி கதவுவரைக்கும் வந்துவிட்டான். திட்டத்தான் வந்தான். இருட்டில் அந்த இரண்டு வெள்ளைப் பூக்களையும் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பிஞ்சு வெம்பவில்லை. அது பருத்துக் காயானது. வாடிய கொடியும் அதைப் பார்த்துத் தெம்பு வந்து புதிதாகத் துளிர் விட்டது. துளிரில் வந்த மொட்டுகளெல்லாம் அக்காவைப் போலவே அந்திக்குக் காத்திருந்து விரிந்தன. மழை தன் பாட்டுக்கு வந்தது, தன் பாட்டுக்குப் போனது. அந்தக் கோடை முழுவதும் மாராயி வீட்டு அடுப்பில் சுரைக்காய் வெந்தது.

அன்று முதல்தான், எத்தனை பூக்கள் வெயிலைப் பார்த்து விரிந்தாலும், சுரைப்பூ மட்டும் மழைப்பொழுது கடந்து போகட்டும் என்று வாய் மூடியிருந்து, சூரியன் மறையும் நேரத்தில் வெள்ளையாய் மலர்கிறது.