திருப்பி அனுப்பிய ரசம்

சென்னையில் மேசை கிடைக்கவே ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய உணவகம் அது. சாப்பிட வந்த பிரபல விமர்சகர் திருஞானம், நண்டு ரசத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"மறுபடியும் சொதப்பினா அந்தச் சமையல்காரம்மாவை நிறுத்திடுங்க" என்றார். கூட உட்கார்ந்திருந்த முதலாளியும் தலையாட்டினார்.

பரிமாறும் பொன்னுரங்கம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். உள்ளே போனவர், சற்று நேரத்தில் திரும்பி வந்து பணிவாக வைத்தார்.

திருஞானம் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். "ஆகா! இதுதான் ரசம். இப்ப என்ன சேர்த்தாங்க?"

"அடுப்படிக்கே போகலைங்க ஐயா. இது அதே ரசம்தான். கதவுக்குப் பின்னால நின்னு, குடிக்கப்போறது நீங்கன்னு அதுகிட்ட சொன்னேன். உடனே சரியாயிடுச்சு."

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதன்பின் திருஞானம், ரசம் குடிக்க மட்டுமே வாயைத் திறந்தார்.